மேடையிலிருந்து மந்திரி நாற்காலிக்கு: பீட்டர் காரெட் போனது சரியா? (எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது)

எண்ணூர்_கிட்டார் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 27, வீடு எண்ணூர். மூன்று பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். திருவொற்றியூரில் ஒரு டியூஷன் சென்டர் ராத்திரி எட்டரைக்குக் காலியாகும், அங்கேதான் பிராக்டிஸ். பாட்டெல்லாம் நான் எழுதுவது. அனல் மின் நிலையச் சாம்பல், கழிமுகம், 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது ஆட்கள் அதைப் பக்கெட்டில் அள்ளியது, இதெல்லாம்தான் பாட்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்த எண்ணெய் எங்கள் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டுப் போனது. இரண்டு தடவை வெள்ளையடித்தாகிவிட்டது, கோடு மறுபடி மேலே வந்து நிற்கிறது. அதைப் பற்றியும் ஒரு பாட்டு இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு கட்சிக்காரர் வீடு தேடி வந்தார். கட்சி பேர் வேண்டாம். "தம்பி, நம்ம மேடையில ரெண்டு பாட்டு பாடு. அடுத்த தடவை உன் வார்டுல உன்னையே நிறுத்தறதப் பத்தி மேல பேசறேன்" என்றார். எங்கள் டிரம்மர், "போனா உன் பாட்டு செத்துச்சு" என்கிறான். பாஸ் வாசிக்கிறவன், "போகலன்னா பாட்டு மட்டும்தான் மிஞ்சும், கழிமுகம் மிஞ்சாது" என்கிறான். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது, அதுதான் பிரச்சினை.

இப்படிப் போனவர் யாராவது உண்டா என்று தேடியபோது மிட்நைட் ஆயில் பாடகர் பீட்டர் காரெட் பேர் வந்தது. ஆஸ்திரேலியா. ராக் பாடகர், அணு எதிர்ப்பு, பழங்குடி நில உரிமை, அப்புறம் எம்.பி., அப்புறம் சுற்றுச்சூழல் மந்திரி. ஒரு பக்கம் வீரன் என்கிறார்கள், இன்னொரு பக்கம் துரோகி என்கிறார்கள். அவரை அந்தக் காலத்திலிருந்தே கேட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். போனதால் அவருக்கு என்ன கிடைத்தது, என்ன போனது?

மவுண்ட்ரோடு_மெட்டல்:

சுருக்கமாகச் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்க யுரேனியச் சுரங்கத்துக்கு எதிராகப் பாடினார். 2009-ல் மந்திரியாக உட்கார்ந்து தெற்கு ஆஸ்திரேலியாவில் ஃபோர் மைல் யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தார். அமெரிக்க ராணுவத் தளம் வேண்டாம் என்று பாடினார். லேபர் கட்சியில் சேர்ந்ததும் அமெரிக்கக் கூட்டணி நல்லதுதான் என்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்? உங்கள் டிரம்மர் சொல்வதைக் கேளுங்கள் ப்ரோ. பொதுவாகவே டிரம்மர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது, அவர்கள் கையில் குச்சி இருக்கிறது.

பழைய_கேசட்:

தம்பி, நான் பெரம்பூர். முப்பது வருஷம் மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுகிற திருவிழா, எல்லாக் கட்சிப் பொதுக்கூட்டம், எல்லாவற்றுக்கும் ஆம்ப்ளிஃபயர் தூக்கியிருக்கிறேன். கட்சி மேடையில் பாட்டுக்காரனுக்கு என்ன மரியாதை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் காரெட்.

1988. எனக்கு 22 வயது. எதிர் வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியன் அண்ணன், ரயில்வே வேலை, சர்ச் ஹால் டான்ஸில் பாஸ் கிட்டார் வாசிப்பார். அப்போது பெரம்பூர், வேப்பேரி பக்கம் அவர்கள் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன, எல்லோரும் ஆஸ்திரேலியா. அண்ணனின் அக்கா பெர்த்தில் இருந்தார். அவர் கிறிஸ்மஸ் பார்சலில் அனுப்பியதுதான் 'டீசல் அண்ட் டஸ்ட்' கேசட். நான் ஒரு டிடிகே 90 காலி கேசட் வாங்கிக் கொடுத்து ஒரு பக்கத்தில் பதிந்துகொண்டேன். ஒரு பக்கம் 45 நிமிஷம், ஆல்பம் அதைவிடக் கொஞ்சம் நீளம். கடைசிப் பாட்டின் வால் அறுந்துபோகும். பல வருஷம் கழித்து சி.டி.யில் கேட்டபோதுதான் அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்றே எனக்குத் தெரியும்.

அதில் முதல் பாட்டு 'பெட்ஸ் ஆர் பர்னிங்'. படுக்கை பற்றி எரிகிறது என்றால் 22 வயதில் ஒருவன் என்ன நினைப்பான்? காதல் பாட்டு என்றுதான் இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று பித்தளை அடி வருமே, டாம் டாம் டாம் என்று, அதற்குத் தலையாட்டினால் போதும். ஒரு நாள் அண்ணன்தான் உட்கார வைத்துச் சொன்னார். பின்டுபி என்று ஒரு பழங்குடி. மேற்குப் பாலைவனம் அவர்கள் இடம். 1950, 60களில் அரசு அவர்களை அங்கிருந்து கொண்டுவந்து பப்புன்யா மாதிரிக் குடியிருப்புகளில் வைத்தது. ராக்கெட் சோதனை நடந்த காலம் அது. அவர்கள் 1981-ல் தாங்களாகவே திரும்பிப் போய் கின்டோர் என்ற ஊரை உண்டாக்கினார்கள். பாட்டில் அந்த ஊர் பேரே வருகிறது. அந்த நிலத்தைத் திருப்பிக் கொடு என்பதுதான் பாட்டு. இதைச் சொன்ன அண்ணனும் கொஞ்ச வருஷத்தில் அதே நாட்டுக்குக் குடிபோனார், அது வேறு கதை.

அந்த நாட்டுச் சட்டத்தில் அதுவரை ஒரு பொய் இருந்தது தம்பி. வெள்ளைக்காரன் வந்து இறங்கியபோது நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்று. 1992-ல் மாபோ வழக்கில்தான் அவர்கள் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. நம் ரெவென்யூ ரெக்கார்டில் புறம்போக்கு என்று ஒரு சொல் இருக்கிறதே, கழிமுகத்துக்கும் சதுப்புக்கும் எழுதுவார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். இரண்டும் ஒன்று இல்லை. ஆனால் "யாருடையதும் இல்லை" என்று ஒருவன் எழுதி வைத்தால் அடுத்தவன் வந்து அங்கே சாம்பல் கொட்டுவான்.

சரி, நீங்கள் கேட்டது அவர் அரசியலுக்குப் போனது. எல்லோரும் அவர் லேபர் எம்.பி.யான 2004-லிருந்து ஆரம்பிக்கிறார்கள். அவர் முதலில் போனது 1984-ல். அணு ஆயுத ஒழிப்புக் கட்சி என்று புதிதாக ஒன்று, அதில் நியூ சவுத் வேல்ஸிலிருந்து செனட் என்கிற மேலவைக்கு நின்றார். அப்போது வயது 31, சட்டம் படித்தவர், ஆறடி நாலங்குலம், மொட்டைத் தலை, மேடையில் கரண்ட் ஷாக் அடித்த மாதிரி ஆடுவார். ஓட்டு நிறையவே விழுந்தது. ஆனால் அங்கே இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம் என்று எண்ணிக்கொண்டே போவார்கள். பெரிய கட்சிகளின் அடுத்த விருப்ப ஓட்டு அவருக்கு வராமல் போனது. நம் பாஷையில், கூட்டம் இருந்தது, கூட்டணிக் கணக்கு இல்லை. தோற்றார். மேற்கு ஆஸ்திரேலியாவில் அதே கட்சியின் ஜோ வாலன்டைன் ஜெயித்துவிட்டார். அடுத்த வருஷமே கட்சி உடைந்தது. ஓர் இடதுசாரிக் குழு உள்ளே ஆட்களைச் சேர்த்துக் கட்சியைக் கைப்பற்றப் பார்க்கிறது என்று காரெட் மாநாட்டிலிருந்து வெளியே நடந்தார், வாலன்டைனும் அப்படியே.

இந்தத் தோல்விதான் அவருக்கு நடந்த நல்லது என்பது என் எண்ணம். ஜெயித்திருந்தால் தலைநகர் கேன்பராவில் கமிட்டி மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பார். தோற்றதால் 1986-ல் பாலைவனத்துக்குப் போனார். வாரும்பி பேண்ட் என்று பப்புன்யாவிலிருந்து ஒரு குழு, பழங்குடிகளும் ஒரு வெள்ளைக்காரரும் கலந்தது. 1983-லேயே லுரிட்ஜா மொழியில் ராக் பாட்டு போட்டவர்கள், பழங்குடி மொழியில் வந்த முதல் ராக் அது. தமிழில் ராக் ஒட்டாது என்று இன்னும் சண்டை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம். மிட்நைட் ஆயில் அவர்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் வாசித்தது. அந்தப் பயணத்தில் கண்டதுதான் 1987-ல் 'டீசல் அண்ட் டஸ்ட்' ஆனது. சிட்னி பாரில் உட்கார்ந்து எழுதியிருந்தால் கின்டோர் என்ற பேர் அவர்கள் வாயில் வந்திருக்காது. 'பெட்ஸ் ஆர் பர்னிங்' அமெரிக்கத் தரவரிசையில் 17-வது இடம் வரை ஏறியது. நடு பாலைவனத்தில் ஒரு சின்ன ஊரின் பேர் அமெரிக்காவில் கார் ரேடியோவில் ஒலித்தது. ஒரு செனட்டர் பேசினால் அந்த ஊர் பேர் எத்தனை பேர் காதில் விழும்?

அடுத்து 1990. 'ப்ளூ ஸ்கை மைன்'. விட்டனூம் என்ற ஊரில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், வெட்டிய தொழிலாளிகளின் நுரையீரல் போன கதை. சுரங்கம் 1966-ல் மூடியாகிவிட்டது, சாவு அதற்கு அப்புறமும் நிற்கவில்லை. இந்தப் பாட்டை நான் எங்கே கேட்டேன் தெரியுமா? எங்கள் வீட்டு மொட்டை மாடி ரூமில். மேலே சிமென்ட் ஷீட். மல்லாந்து படுத்துக்கொண்டுதான் கேட்பேன். பாட்டு எதைப் பற்றி என்று அண்ணன் சொன்ன அன்று நிமிர்ந்து பார்த்தேன். ஆணி அடித்த இடத்தில் ஷீட் உதிர்ந்து நார் தொங்கியது. அடியில் என் தலையணை. அம்மாவிடம் சொன்னேன். "ஊர் முழுக்க அதுதான் போட்டிருக்கு, உனக்கு மட்டும் என்ன" என்றாள். கட்டிலை நகர்த்திப் போட்டேன், வேறென்ன செய்வது.

அதே வருஷம் மே மாதம் நியூயார்க். அலாஸ்காவில் 1989-ல் எக்ஸான் கப்பல் எண்ணெய் கொட்டியது தெரியும்தானே. எக்ஸான் கட்டடத்துக்கு எதிரே, ஆறாவது அவென்யூவில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி அதன் மேல் நின்று வாசித்தார்கள். எங்கள் எண்ணெய் உங்களை ஆட வைக்கும், எக்ஸான் எண்ணெய் நோயாக்கும் என்கிற பொருளில் பேனர். தொழில்காரனாகச் சொல்கிறேன், இரண்டு பக்கமும் உயரக் கட்டடம் இருக்கிற தெருவில் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும். டிரம் ஒரு அடி இரண்டு அடியாகக் கேட்கும். அதையும் மீறி அந்த வீடியோவில் வார்த்தை புரிகிறது. நிறுத்தி, கடித்துப் பாடுகிறார் மனிதர். அது குரல் வளம் இல்லை, பழக்கம்.

இந்தக் காலத்தில் அவர் சும்மா பாட்டுக்காரராக மட்டும் இல்லை. ஆஸ்திரேலியப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற பெரிய சுற்றுச்சூழல் அமைப்புக்கு 1989-லிருந்து 93 வரை, மறுபடி 98-லிருந்து 2004 வரை, தலைவர். ஜபிலுகா யுரேனியச் சுரங்கத்தை அந்த நிலத்துப் பழங்குடிகளான மிர்ரார் மக்கள் எதிர்த்தபோது கூடவே நின்றார். பத்து வருஷம் மனு எழுதி, மீட்டிங் போட்டு, வக்கீலிடம் ஓடி, அதற்கு அப்புறம்தான் எம்.பி. இதை மவுண்ட்ரோடு தம்பி விட்டுவிட்டார்.

இப்போது என் மனதில் நிற்கிற காட்சி. 2000 அக்டோபர் 1, சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழா. பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனதற்காக அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாடே பேசிக்கொண்டிருந்த நேரம். பிரதமர் ஜான் ஹோவர்ட் மாட்டேன் என்றுவிட்டார். அவர் மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறார். மிட்நைட் ஆயில் மேடையேறுகிறது. கறுப்பு உடுப்பு, அதில் மேலும் கீழும் வெள்ளை எழுத்தில் ஒரே சொல், 'சாரி'. வாயைத் திறந்து ஒரு பேச்சு பேசவில்லை. பாட்டு அதேதான், கின்டோர் பாட்டு. உலகமே டி.வி.யில் பார்த்தது. நான் அயனாவரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வயர் சுருட்டிக்கொண்டே பார்த்தேன், வாட்ச்மேன் ரூம் டி.வி.யில்.

எட்டு வருஷம் கழித்து, 2008 பிப்ரவரி 13. ஹோவர்ட் தோற்று கெவின் ரட் பிரதமர். நாடாளுமன்றத்தில் அந்த மன்னிப்பைக் கேட்டார். அன்று ஆளுங்கட்சி வரிசையில் காரெட் மந்திரியாக இருந்தார். சட்டையில் எழுதிக்கொண்டு வந்த சொல் அவைக்குறிப்பில் ஏறியது. அவர் இல்லாவிட்டாலும் ஏறியிருக்கும், அது வேறு. ஆனாலும் அப்படி ஒரு நாள் எத்தனை பாடகனுக்குக் கிடைக்கும் சொல்லுங்கள்.

கட்சி மேடை விஷயம் சொல்கிறேன் என்றேன். முப்பது வருஷத்தில் நான் பார்த்தது: பாட்டுக்காரனுக்கு நேரம் தலைவர் வண்டி வரும் வரைக்கும். வண்டி விளக்கு தெரிந்ததும் எனக்குக் கையைக் காட்டுவார்கள். நான் ஃபேடரை இறக்கிச் சத்தத்தைக் குறைப்பேன். சரணத்தின் நடுவில் இறக்கியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, நூறு தடவை. அந்தக் கையைப் பார்த்துப் பழகிய ஆள் என்பதால் சொல்கிறேன். உங்களிடம் வந்தவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள், பாட்டை முழுசாக விடுவீர்களா என்று.

கோட்டை_ரிடையர்டு:

பழைய கேசட் சார், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் தலைமைச் செயலகத்தில் 31 வருஷம் இருந்து பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றவள். ராக் எல்லாம் என் மகன் கேட்பது. காரெட்டை எனக்குத் தெரிந்தது வேறு வழியில். ஓய்வுக்கு அப்புறம் மகனோடு பிரிஸ்பேனில் ஆறு மாதம் இருந்தேன், அங்கே அப்போது பேப்பரில் தினமும் அவர் பேர்தான், நல்ல விதமாக இல்லை.

தம்பி, நீங்கள் உள்ளே போனால் பாட்டு இருக்குமா என்று கேட்கிறீர்கள். உள்ளே போனால் கோப்பு இருக்கும். அவர் சுற்றுச்சூழல் மந்திரியான அன்றே காலநிலை மாற்றத்தைத் தனித் துறையாக்கி இன்னொரு மந்திரி பென்னி வோங்கிடம் கொடுத்துவிட்டார்கள். அதாவது, எந்த மேஜை என்பதே உங்கள் கையில் இல்லை. யுரேனியக் கோப்பு மட்டும் பேசினால் போதாது. கட்சி 2007 மாநாட்டில் புதிய யுரேனியச் சுரங்கத் தடையை எடுத்தபோது அவர் எதிர்த்தார், தோற்றார். தோற்ற பிறகு கட்சி முடிவுதான் அவர் முடிவு. இரண்டு வருஷத்தில் அதே பொருளில் கோப்பு மேஜைக்கு வந்தது, கையெழுத்துப் போட்டார். நான் அதை நியாயப்படுத்தவில்லை. எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

அதே 2009-ல் இன்னொரு கோப்பு. குயின்ஸ்லாந்தில் மேரி ஆற்றில் டிராவஸ்டன் கிராசிங் என்ற இடத்தில் அணை கட்ட வேண்டும் என்பது மாநில அரசின் திட்டம். மாநிலத்திலும் அவர் கட்சிதான் ஆட்சி. அந்த ஆற்றில் நுரையீரல் மீன் உண்டு, காற்றைச் சுவாசிக்கிற மீன், அப்புறம் அந்த ஆற்றில் மட்டுமே வாழ்கிற ஒரு ஆமை. அணை வந்தால் அவை அழியும் என்று காரெட் வேண்டாம் என்று எழுதினார். அணை வரவில்லை. அந்தக் கையெழுத்துக்கு யாரும் பாட்டு எழுதவில்லை. திமிங்கில வேட்டைக்காக ஜப்பானை 2010-ல் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்ததும் அவர் மந்திரியாக இருந்த காலத்தில்தான். 2014-ல் தீர்ப்பு ஆஸ்திரேலியாவுக்குச் சாதகமாக வந்தது.

பேப்பரில் தினமும் வந்தது அதெல்லாம் இல்லை, கூரைத் திட்டம். 2009-ல் பொருளாதார மந்தம், வேலை கொடுக்க வேண்டும், வீட்டுக் கூரைக்குள் வெப்பம் தடுக்கும் அடுக்கு போட அரசே பணம் கொடுத்தது. அவசரம். நேற்று வரை வேறு வேலை செய்தவர்கள் எல்லாம் கம்பெனி ஆரம்பித்தார்கள். பயிற்சி இல்லாத பையன்களைக் கூரைக்குள் ஏற்றினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். மூவர் மின்சாரம் பாய்ந்து, ஒருவர் வெப்பம் தாங்காமல். உலோகத் தகடு, உலோகப் பின், அடியில் ஓடுகிற வயர், யோசித்துப் பாருங்கள். 2010 பிப்ரவரியில் திட்டத்தை நிறுத்தி அவர் பொறுப்பையும் குறைத்தார்கள். பிரதமருக்கு அவர் முன்பே எச்சரித்துக் கடிதங்கள் எழுதியிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. என் வேலையில் நான் அப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய டைப் அடித்துப் பார்த்திருக்கிறேன். கடிதம் கோப்பில் பத்திரமாக இருக்கும். கூரைக்குள் இருக்கிற பையனுக்கு அது போய்ச் சேராது.

நீங்கள் கவுன்சிலரானால் உங்கள் வார்டில் யாராவது சாக்கடைக் குழிக்குள் இறங்கும்போது கையெழுத்து எங்கோ உங்களுடையதும் இருக்கும். பாட்டு செத்துவிடுமா என்பதைவிட அதை யோசியுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. நல்லவர்கள் யாராவது உட்கார வேண்டும் என்றுதான் நாங்களும் அந்த மேஜைகளுக்குக் கீழே உட்கார்ந்து ஏங்கியிருக்கிறோம்.

மவுண்ட்ரோடு_மெட்டல்:

மேடம், அணை விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கத் தளம்? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

பழைய_கேசட்:

அதற்கு என்னிடமும் பதில் இல்லை தம்பி. அது மாறியது மாறியதுதான். 2004-ல் கட்சித் தலைமை கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் என்ற பத்திரமான தொகுதியைத் தூக்கிக் கொடுத்தது, உள்ளூர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். அப்படி மேலிருந்து இறங்குகிறவன் சொந்தப் பேச்சை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். எனக்கும் அன்று கோபம்தான். இரண்டு வருஷம் அந்த டேப்பைத் தொடவில்லை. அப்புறம் ஒரு நாள் மழையில் கரண்ட் போய், வேறு பேட்டரி செட் இல்லாமல், பழைய வாக்மேனில் போட்டேன். பாட்டு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் இரண்டு வருஷம் வீணாக்கியிருந்தேன்.

2013-ல் கட்சிக்குள் பிரதமர் ஜூலியா கில்லர்டைக் கவிழ்த்துவிட்டு ரட் திரும்பி வந்தபோது இவர் மந்திரி பதவியை விட்டார், அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. 2017-ல் பேண்ட் மறுபடி கூடியது, உலகம் சுற்றினார்கள். 2020-ல் பழங்குடிப் பாடகர்களோடு சேர்ந்து 'மகராட்டா ப்ராஜெக்ட்' ஆல்பம். அந்த வருஷம்தான் பாஸ் வாசித்த போன்ஸ் ஹில்மன் இறந்தார். கடைசிக் கச்சேரி 2022 அக்டோபர் 3, சிட்னி. 2023-ல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் வாங்கும் திட்டத்தை அவருடைய பழைய கட்சி ஆட்சியே தூக்கிப் பிடித்தபோது வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். ஆக, தொண்டை திரும்ப வந்தது. இடையில் ஒன்பது வருஷம் அது இரவல் போயிருந்தது.

எண்ணூர்_கிட்டார்:

எல்லோருக்கும் நன்றி. மேடம், குழி விஷயம் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது.

கேசட் அண்ணா, நீங்கள் சொன்ன கேள்வியை அவரிடம் போன் போட்டுக் கேட்டேன். "முழுசா பாடு தம்பி, யார் வேணாம்னா" என்றார். உடனே, "அந்தச் சுவர்ல கோடு பாட்டு மட்டும் வேணாம், அந்த ஆலைக்காரங்க நம்ம நிகழ்ச்சிக்கு உதவி பண்றவங்க" என்றார். சரிங்க சார் என்று வைத்துவிட்டேன். தேர்தல் பேச்சு இப்போதைக்கு இல்லை. நிரந்தரமாக இல்லை என்று சொல்ல மாட்டேன். மேடம் சொன்ன மேஜை மனதில் இருக்கிறது. ஊர் மீனவர் சங்கத்தில் மனு எழுதிக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள், அங்கே ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

அப்புறம் அந்த லாரி. எங்கள் பேண்டில் மூன்று பேரும் அந்த நியூயார்க் வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டோம். ஆலை வாசலுக்கு எதிரே சாலையோரம் அப்படி ஒன்று வாசிக்க முடியுமா? என்ன வண்டி வேண்டும்?

பழைய_கேசட்:

முதலில் போலீஸ் ஸ்டேஷனில் ஒலிபெருக்கிக்கு அனுமதி, முன்கூட்டியே, எழுத்தில். ராத்திரி பத்து மணிக்கு மேல் பாட முடியாது, உங்களுக்குத் தேவையும் இல்லை, ஷிஃப்ட் மாறுகிற நேரமாகப் பார்த்து வையுங்கள். அப்போதுதான் உள்ளே வேலை செய்கிறவனும் கேட்பான். அவனும் உங்கள் ஊர்க்காரன்தான்.

சின்ன யானை வேண்டாம். டிரம் செட் வைத்தால் பாடகன் நிற்க இடம் இருக்காது, கிட்டார் திரும்பினால் சிம்பலில் இடிக்கும். டாடா 407 லாரி எடுங்கள், பக்கப் பலகை மூன்றும் இறங்குகிற மாதிரி. ஜெனரேட்டரை வண்டி மேல் ஏற்றாதீர்கள், அதிர்வு எல்லாம் மைக்கில் வரும். இருபதடி தள்ளித் தரையில், காற்று போகிற பக்கம். எர்த் கம்பி அடித்து ஈரத் துணி போடுங்கள், உப்பு மண் என்றாலும் விடாதீர்கள். மேடம் சொன்ன மூன்று பையன்கள் ஞாபகம் இருக்கட்டும். கடல் காற்று மைக்கில் புஸ் புஸ் என்று அடிக்கும், ஸ்பாஞ்ச் உறை என்னிடம் நாலு இருக்கிறது. ஸ்பீக்கர் இரண்டையும் ஆலைப் பக்கம் திருப்ப ஆசை வரும். ஒன்றை ஊர்ப் பக்கம் வையுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் வாடகை பற்றி அப்புறம் பேசலாம். தொழிலை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது, பழைய அஹூஜா ஒன்று பரணில் இருக்கிறது, ஒரு சேனல் கரகரக்கும். சனிக்கிழமை காலையில் பெரம்பூர் வந்தால் இறக்கிப் பார்க்கலாம். உங்கள் டிரம்மரையும் கூட்டி வாருங்கள், பரண் உயரம், எனக்கு முட்டி வலி. டிரம்முக்கு அடியில் போட கார்ப்பெட் என்னிடம் இல்லை, அதை நீங்களே கொண்டு வர வேண்டும்.